ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? துப்பு திருவாலங்காட்டில் கிடக்கிறது, தெரியுமா?

அரக்கோணம் லோக்கலில் மணவூர் தாண்டியதும் சன்னல் வழியாக எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? அடுத்து வரும் மஞ்சள் பலகையில் ‘திருவாலங்காடு’ என்று எழுதியிருக்கும். அரவைக் காலமாக இருந்தால் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குப் போகிற கரும்பு டிராக்டர்கள் கண்ணில் படும். ரயிலில் இருப்பவர்கள் போனிலிருந்து தலையைத் தூக்க மாட்டார்கள். தமிழர்கள் எழுபது வருஷத்துக்கு மேலாக விடாமல் துப்புத் துலக்கிக்கொண்டிருக்கும் ஒரு கொலைக் கேஸின் மிக முக்கியமான ஆவணம் இந்த ஊர்ப் பெயரைத்தான் சுமந்துகொண்டிருக்கிறது என்றால் நம்புவார்களா?

அந்த ரயிலில் என்னோடு வந்த அக்கா மகன் நம்பவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை, மிச்ச நேரமெல்லாம் கம்ப்யூட்டர் கேம். ‘டிஸ்ஹானர்ட்’ என்று 2012-ல் வந்த ஒரு கேம் அவனுக்கு உயிர். டன்வால் என்று ஒரு கற்பனை நகரம். தெருவெல்லாம் எலி, கொள்ளைநோய். அந்த நாட்டு மகாராணியைப் பட்டப்பகலில் கொன்றுவிட்டுப் பழியை அவளுடைய மெய்க்காப்பாளன் தலையில் கட்டிவிடுகிறார்கள். ஒற்றர் தலைவனே ஆட்சியைக் கைப்பற்றிவிடுகிறான். “குட்டி இளவரசி எமிலியோட அப்பா யாருன்னு கேம்ல நேரா சொல்லவே இல்ல மாமா. உலகம் பூரா உட்கார்ந்து தியரி போட்டாங்க. மெய்க்காப்பாளன்தான்னு அப்புறமாத்தான் உறுதியாச்சு” என்று கண் விரியச் சொன்னான்.

அட மக்கு, நந்தினியின் அப்பா யார் என்று உன் பாட்டி காலத்திலிருந்து நாங்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம், தெரியுமா?

கல்கி வார இதழில் 1950-லிருந்து 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ தொடராக வந்தபோது வீட்டுக்கு வீடு நடந்தது வேறென்ன? கடம்பூர் மாளிகையில் விளக்கு அணைந்தது, இளவரசன் ஆதித்த கரிகாலன் விழுந்தான். கத்தி யார் கையிலிருந்து பாய்ந்தது? நந்தினியா, ரவிதாஸனா, பெரிய பழுவேட்டரையரா, தானே குத்திக்கொண்டானா? கல்கி கதையை முடித்தபோது வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒரு முடிவுரையே எழுத வேண்டியதாயிற்று. 2022-லும் 2023-லும் மணிரத்னம் இரண்டு பாகமாகப் படம் எடுத்தார். தியேட்டரிலிருந்து வெளியே வந்த கூட்டம் டீக்கடையில் பேசியதும் அதே கேள்விதான்.

இதில் ஒரு வேடிக்கை. நந்தினி என்று சரித்திரத்தில் யாருமே கிடையாது, முழுக்க முழுக்கக் கல்கியின் கற்பனை. ஆனால் ரவிதாஸன் நிஜம்! சோமன் நிஜம்! பரமேசுவரன் நிஜம்! ரேவதாச கிரமவித்தன் என்று நாவலில் ஓரமாக வந்து போகிறானே ஒருவன், அவனும் நிஜம்! வில்லன்களைக் கல்லிலிருந்து எடுத்துக்கொண்டு நாயகியைத் தலைக்குள்ளிருந்து எடுத்திருக்கிறார் மனிதர். அந்தக் கல் எங்கே இருக்கிறது என்பதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன். முதலில் செம்பு.

திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 1905-ல் வெளிச்சத்துக்கு வந்தன. 31 ஏடுகள்! எல்லாவற்றையும் ஒரு பெரிய வளையத்தில் கோத்து, புலி, இரட்டை மீன், வில் மூன்றும் சேர்ந்த சோழ முத்திரை குத்தியிருக்கிறார்கள். பொறித்தவர்கள் காஞ்சிபுரத்துக் கைவினைஞர்கள். பெரிய நூலாசிரியர்கள் எல்லாரும் ‘சோழர் வரலாறு’ என்று எழுதியதில் பாதிக்கு முதுகெலும்பு இதுதான். தஞ்சாவூரை விஜயாலயன் பிடித்ததும் நிசும்பசூதனிக்குக் கோயில் எடுத்ததும் இதில் உண்டு. முதலாம் ஆதித்தன் பல்லவன் அபராஜிதனை வென்றதும் உண்டு. ராஜேந்திரன் கங்கைத் தண்ணீரைக் கொண்டுவந்து ஏரி வெட்டி அதையே ஜயஸ்தம்பமாக்கினானே, அந்தச் செய்தியும் இதில்தான். 1920-ல் கிருஷ்ண சாஸ்திரி இதைப் பதிப்பித்து அச்சில் கொண்டுவந்த பிறகுதான் கேஸ் சூடுபிடித்தது.

சரி, இது என்ன சரித்திரப் புத்தகமா? இல்லவே இல்லை. பத்திரம். நிலப் பத்திரம்! பழையனூர் என்ற ஊரைத் திருவாலங்காட்டு மகாதேவருக்குத் தானமாக எழுதிக்கொடுத்த கிரயமில்லாத செட்டில்மென்ட் பத்திரம். திருவள்ளூர்ப் பக்கம் மனை வாங்கிய யாரும் மூலப்பத்திரம் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க மாட்டார்கள். கொடுப்பவனின் அப்பன், பாட்டன், முப்பாட்டன் யார், சொத்து எந்த வழியில் கைக்கு வந்தது என்று முதல் நாலு பக்கம் ஓடும் அல்லவா? அதே வழக்கம்தான். ராஜேந்திரன் தன் ‘மூலம்’ சொல்கிறான், சூரியனிலிருந்து ஆரம்பித்து. சூரியன், மனு, இக்ஷ்வாகு, புறாவுக்காகத் தசை அறுத்துக் கொடுத்த சிபி, காவிரிக்குக் கரை கட்டிய கரிகாலன் என்று வரிசையாக இறங்கி அப்பா ராஜராஜன் வரை. நூற்றுக்கும் மேற்பட்ட வடமொழிச் சுலோகங்கள், கிரந்த எழுத்தில். இயற்றியவர் சங்கரன் மகன் நாராயணன் என்ற கவி. அதன் பிறகு தமிழ்ப் பகுதி, அதில்தான் எல்லையும் வரியும்.

இந்த வம்சாவளிக்கு நடுவில்தான், பத்திரத்தில் வில்லங்கம் ஒளிந்திருக்குமே அதுபோல, பெரியப்பன் ஆதித்த கரிகாலனின் சாவு ஒளிந்திருக்கிறது.

என்ன சொல்கிறது தெரியுமா? ஆதித்தன் பாண்டியனோடு மோதினான். பாண்டியன் தலையை வெற்றித் தூணாகத் தன் நகரத்தில் நட்டான். அதற்கப்புறம், சொர்க்கத்தைப் பார்க்கும் ஆசையில் மறைந்துபோனான். அவ்வளவுதான்! கத்தி இல்லை, சதி இல்லை, ஒரு பெயர் இல்லை. சொர்க்கம் பார்க்க ஆசையாம். இருபதுகளில் இருந்த பட்டத்து இளவரசன், பாண்டிய நாட்டையே நடுங்க வைத்தவன், ஒரு நாள் காலையில் எழுந்து சொர்க்கத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டானா? இந்த வரியை முதன்முதலில் மொழிபெயர்ப்பில் படித்த அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாம் முறை படித்தபோது கொஞ்சம் குளிர்ந்தது.

அடுத்த சுலோகம் இன்னும் மோசம், அதாவது துப்பறிவாளர்களுக்கு இன்னும் நல்லது. கலியின் இருள் சூழ்ந்துவிட்டது, நீங்களே அரசாள வேண்டும் என்று ஜனங்கள் தம்பி அருண்மொழியை, அதாவது பின்னாளைய ராஜராஜனை, கெஞ்சினார்களாம். ஆனால் தன் சிற்றப்பனுக்கு அரசாசை இருக்கும் வரை, மனசாலும் அதை விரும்ப மாட்டேன் என்று அவன் இருந்துவிட்டானாம். அதைப் பார்த்த சிற்றப்பன், இவன் உடம்பிலுள்ள அடையாளங்களைக் கண்டு இவன் திருமாலே என்று தெரிந்துகொண்டு இளவரசுப் பட்டம் கட்டினாராம்.

சிற்றப்பன்தான் உத்தம சோழன். ‘தியாகச் சிகரம்’ என்று கல்கி ஐந்தாம் பாகத்துக்குப் பெயர் வைத்தாரே, அந்தச் சிகரத்தின் அடிவாரம் இந்தச் சுலோகம்தான் என்பேன். ஆனால் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி படித்தபோது அவர் கண்ணில் தியாகம் படவில்லை. ‘ஆசை’ என்ற சொல்தான் பட்டது. அண்ணன் செத்த உடனே தம்பி பட்டத்துக்கு வரவில்லை. ஜனங்கள் இருள் என்கிறார்கள். சிற்றப்பனுக்கோ ஆசை. மூன்றையும் முடிச்சுப் போட்டுப் பார்த்த அவர், இந்தக் கொலையில் உத்தம சோழனுக்குப் பங்கில்லை என்று சொல்லிவிட முடியாது என்கிற முடிவுக்கு வந்தார். கேம் ரசிகர்கள் ஒரு வசனத்தை நிறுத்தி நிறுத்திக் கேட்டுத் தியரி போடுவதை யாராவது கேலி செய்தால் சொல்லுங்கள்: தென்னிந்திய வரலாற்றின் பீஷ்மர் ஒரே ஒரு சொல்லை வைத்து ஒரு சக்கரவர்த்தியைக் கூண்டில் ஏற்றியிருக்கிறார்!

காரணமும் வலுவானதுதான். முதலாம் பராந்தகனுக்குப் பின் பட்டம் கண்டராதித்தருக்குப் போனது. அவர் இறக்கும்போது பிள்ளை உத்தமன் சிறுவன், அதனால் தம்பி அரிஞ்சயனுக்குப் போனது. அங்கிருந்து அரிஞ்சயன் மகன் சுந்தர சோழன், சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் என்று கிளை மாறி ஓடிவிட்டது. மூத்த கிளையின் பிள்ளை வளர்ந்து ஆளான பிறகு பங்கு கேட்க மாட்டானா? நம் ஊரில் அரை கிரவுண்டுக்கே அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்று போகிறதே. இது சோழ மண்டலம்!

ஆனால் பொறுங்கள், எதிர்க்கட்சி வக்கீலுக்கும் நல்ல கட்டு இருக்கிறது. ராஜராஜன் தன் மகனுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? ராஜேந்திரன் என்பது பட்டப்பெயர். பிள்ளைப் பெயர் மதுராந்தகன். இதே திருவாலங்காட்டுச் செப்பேடு அவனை அப்படித்தான் அழைக்கிறது. உத்தம சோழனின் இயற்பெயரும் மதுராந்தகன்! அண்ணனைக் கொன்றவன் பெயரை யாராவது பெற்ற பிள்ளைக்கு வைப்பார்களா? ‘மதுரைக்கு எமன்’ என்பது குடும்பப் பட்டம், அதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் மடக்கலாம். சரி, இன்னொன்று. உத்தம சோழனுக்குப் பிள்ளை உண்டு, மதுராந்தகன் கண்டராதித்தன். அவன் ராஜராஜனின் ஆட்சியில் உயர் அதிகாரியாகக் கோயில் கோயிலாகக் கணக்குத் தணிக்கை செய்துகொண்டிருந்தான். கொலைகாரனின் மகனிடம் கஜானாச் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பானா ராஜராஜன்? உத்தமனின் தாய் செம்பியன் மாதேவிக்குக் கிடைத்த மரியாதையோ ஊரறிந்தது. சதாசிவ பண்டாரத்தார் தம் ‘பிற்காலச் சோழர் வரலாறு’ நூலில் உத்தமனுக்கு இதில் பங்கில்லை என்றே வாதாடினார். எனக்கும் பெயர்த் துப்பைவிட மகனின் உத்தியோகம்தான் பலமாகப் படுகிறது.

இப்போது கல்லுக்கு வருவோம். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில், உடையார்குடி அனந்தீசுவரர் கோயில். ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 987 வாக்கில் வெட்டிய கல்வெட்டு. செம்பு விழுங்கியதைக் கல் கக்கிவிடுகிறது! பாண்டியன் தலைகொண்ட கரிகாலச் சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சொல்லிவிட்டுப் பெயர் பெயராக அடுக்குகிறது. சோமன், அவன் தம்பி பஞ்சவன் பிரம்மாதிராஜன் என்கிற ரவிதாசன், அவன் தம்பி இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன் என்கிற பரமேசுவரன்.

இந்தப் பட்டங்களைக் கவனித்தீர்களா? பஞ்சவன் என்றால் பாண்டியன். சரி, பாண்டியனின் ஆட்கள், எஜமான் வீரபாண்டியன் தலையை வெட்டியதற்குப் பழி தீர்த்தார்கள் என்று கேஸை மூடிவிடலாம் என்று நினைக்கும்போதே அடுத்த பட்டம் சட்டையைப் பிடித்து நிறுத்துகிறது. இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன்! அது சோழ அரசின் உயர் அதிகாரிகள் வாங்குகிற பட்டம். ஒரே வீட்டில் அண்ணன் கழுத்தில் பாண்டியப் பதக்கம், தம்பி கழுத்தில் சோழப் பதக்கமா? இரண்டு பக்கமும் சம்பளம் வாங்கினார்களா, பஞ்சவன் என்பதே பாண்டியனை வென்ற பிறகு சோழன் சூட்டிக்கொண்டு வாரி வழங்கிய பட்டமா? உள்ளே இருந்த கைகள்தான் என்றால் அந்தக் கைகளை இயக்கியது யார்? டன்வால் கதையில் வெளியாள் கத்தி எடுத்தான், ஏவியவன் அரண்மனைக்குள்ளேயே இருந்தான் என்று பையன் சொன்னபோது நான் வாயைத் திறக்கவில்லை.

கேள்விக்கு மேல் கேள்வி. கொலை நடந்தது 970-ஐ ஒட்டி. உத்தம சோழன் ஏறக்குறைய 15 வருஷம் ஆண்டார். ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985-ல். கல்வெட்டு அதற்கும் இரண்டு வருஷம் கழித்து. அதுவரை துரோகிகள் வீரநாராயண ஏரிக் காற்று வாங்கிக்கொண்டு சுகமாக இருந்தார்களா? உத்தமனைச் சந்தேகிப்பவர்களுக்கு இதுதான் துருப்புச் சீட்டு: பார், அவர் தொடவே இல்லை, தம்பி வந்த பிறகுதான் தண்டனை!

இங்கேதான் கல்வெட்டு ஆய்வாளர் குடவாயில் பாலசுப்ரமணியன் வந்து சீட்டைப் பிடுங்கிக் கிழித்தார். கல்வெட்டை முழுசாகப் படியுங்கள் என்றார். இது தண்டனைத் தீர்ப்பு அல்ல, தண்டனையில் பறிமுதலான நிலம் பின்னால் கைமாறிய கணக்கு. பறிமுதல் முன்பே நடந்திருக்கலாம், உத்தமன் காலத்திலேயே. ராஜராஜன்தான் முதன்முதலில் பிடித்தான் என்று கல்லில் எங்கே இருக்கிறது? இல்லை! நாமாகச் சேர்த்துக்கொண்டது.

ஆக, இதுவும் பத்திரம்தான். பார்த்தீர்களா? நம் மொழியின் மிகப் பிரபலமான கொலைக்குச் சாட்சி சொல்கிற இரண்டு ஆவணங்களில் ஒன்று தானப் பத்திரம், இன்னொன்று கிரயப் பத்திரம். ஒருவர் கூடக் கொலையைப் பற்றிச் சொல்வதற்காக உளியை எடுக்கவில்லை. நிலம் யாருடையது என்று சொல்ல உட்கார்ந்தவர்கள், போகிற போக்கில் ஒரு பிணத்தைத் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

கிரய விவரமும் சுத்தமாக இருக்கிறது. இரண்டே முக்கால் வேலி ஒரு மா நிலம், இன்றைய கணக்கில் 18 ஏக்கருக்கு மேல். கூடவே ஆறு வீட்டுமனை. வியாழ கஜமல்லன் என்பவர் 112 கழஞ்சு பொன் கொடுத்து வாங்கி, தினம் 15 பிராமணர்களுக்குச் சாப்பாடு போட எழுதிவைத்தார். துரோகிகள் மட்டும் சொத்தை இழக்கவில்லை. தம்பிமார், பிள்ளைகள், பெரியப்பன்மார், தாய்மாமன்மார், பெண் கொடுத்த மாமனார்கள், உடன்பிறந்தவளைக் கட்டியவர்கள், மகளைக் கட்டியவர்கள் வரை! கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்கள் கூட இவ்வளவு உறவை நினைவு வைத்திருக்க மாட்டார்கள்.

அந்த இடத்தில் இன்னொரு அதிசயம். உத்தரவு எந்த ஊர்ச் சபைக்கு வந்தது தெரியுமா? வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம். ‘பொன்னியின் செல்வன்’ முதல் அத்தியாயத்தில் ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் வருகிறானே, அந்த வீரநாராயண ஏரிக்கரை! கொலை நடப்பதாகக் கல்கி வைத்த கடம்பூரும் பக்கத்தில்தான். கொலைகாரர்களின் நிலம் விற்கப்பட்ட ஊரில் கதையைத் தொடங்கி, நம் மூக்குக்கு நேரே ஐந்து பாகம் நடத்தியிருக்கிறார் மனிதர். 2004-லிருந்து அந்த ஏரியின், அதாவது இன்றைய வீராணத்தின், தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்கும் வருகிறது. காப்பி குடித்துக்கொண்டே இதைப் படிக்கும் சென்னைக்காரர்கள் ஒரு கணம் டம்ளரைப் பார்த்துக்கொள்ளலாம்.

குந்தவையே குற்றவாளி என்று வழக்கு நடத்திய நாவலும் வந்திருக்கிறது, தெரியுமா? தம்பி ராஜாவாக வேண்டும் என்று அண்ணனைத் தீர்த்தாளாம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் அவள் வல்லவரையர் வந்தியதேவரின் மனைவி என்றும் ராஜராஜனின் அக்கா என்றும் கம்பீரமாக நிற்கிறாள், வாரி வாரிக் கொடுத்திருக்கிறாள். அவள் மேல் விரல் நீட்ட ஒரு சான்று கூட இல்லை. லாபம் அடைந்தவன் யார் என்று பார் என்கிற துப்பறியும் பாடத்தை மட்டும் வைத்துக்கொண்டு எழுதியது. அப்படிப் பார்த்தால் 970-ல் லாபம் அடைந்தது உத்தமன், 985-ல் ராஜராஜன், இன்றுவரை பதிப்பாளர்கள். சாதியை வைத்துக் கொலைகாரனைக் கண்டுபிடிப்பவர்களும் உண்டு. அவர்களோடு வாதிட ரயில் பயணம் போதாது.

சரி, திருவாலங்காட்டுக்கே திரும்புவோம், ஏனென்றால் இனிமேல் சொல்வதுதான் எனக்கு மயிர்க்கூச்செறிய வைக்கிற விஷயம். செப்பேட்டில் தானமாகக் கொடுத்த ஊர் பழையனூர் என்றேன் அல்லவா? எந்தப் பழையனூர் என்று நினைக்கிறீர்கள்? நீலியின் பழையனூர்! ‘நீலிக் கண்ணீர்’ என்று இன்றும் திட்டுகிறோமே, அந்தக் கண்ணீர் விழுந்த மண்!

முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்டவள் நீலி. இந்தப் பிறவியில் வணிகனாகப் பிறந்து இந்த வழியே வந்தவனைப் பேயாகத் தொடர்ந்தாள். கள்ளிக்கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, என் புருஷன் என்னை விட்டுவிட்டு ஓடுகிறான் என்று பழையனூர் வேளாளர் சபையில் அழுதாள். அவன் கையில் பேயை அண்ட விடாத மந்திரக் கத்தி. அந்தக் கத்தி எனக்குப் பயமாக இருக்கிறது, வாங்கிவிடுங்கள் என்றாள். உனக்கு ஒன்றும் ஆகாது, ஆகிவிட்டால் எங்கள் உயிர் பிணை என்று 70 வேளாளர்கள் அவனுக்கு வாக்குக் கொடுத்துக் கத்தியை வாங்கி வைத்தார்கள். விடிந்தபோது அவன் பிணம். 70 பேரும் வாக்குத் தவறாமல் தீயில் இறங்கினார்கள். திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுத் தேவாரத்திலேயே இந்தச் சம்பவத்தின் குறிப்பு இருக்கிறது, அதாவது ஆதித்த கரிகாலனுக்கு முந்நூறு வருஷம் முன்பே இது பழங்கதை!

பொய்ச் சாட்சியை நம்பிய ஊர், அந்த ஊரை எழுதிக்கொடுத்த பத்திரத்தில் ஒரு கொலையை மழுப்பிய சாட்சி. இதை ஒரு கேம் கம்பெனிக்காரன் எழுதியிருந்தால் ‘ரொம்பத்தான் திட்டம் போட்டிருக்கான்’ என்று சொல்லியிருப்போம்.

இன்னும் கேளுங்கள். அதுவரை பிரமதேயமாக, அதாவது பிராமணர் ஊரான சிங்களாந்தகச் சதுர்வேதிமங்கலத்தோடு சேர்ந்திருந்த பழையனூரைப் பிரித்து, ‘வெள்ளான்வகை’ என்று வேளாளர் கைக்கு மாற்றிக் கோயிலுக்கு விட்டான் ராஜேந்திரன். ஆண்டுதோறும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கலம் நெல்லும் கழஞ்சுக் கணக்கில் பொன்னும் கோயிலுக்குப் போக வேண்டும். உத்தரவு பிறந்தது முடிகொண்டசோழபுரத்து மாளிகையில். எழுதினவன், சரிபார்த்தவன், வரிப்பொத்தகக்காரன், முகவெட்டி, பட்டோலைக்காரன் என்று ஒரு அலுவலகமே வரிசையாக நின்று கையெழுத்துப் போடுகிறது. பிறகு பெண் யானையை நடத்தி எல்லை காட்டினார்கள். யானை போன வழியே கல்லும் கள்ளியும் நாட்டுவது அக்கால வழக்கம். கள்ளி! நீலியின் இடுப்பில் குழந்தையாக இருந்ததே, அதே செடி.

எல்லாம் தற்செயல், சந்தேகமே வேண்டாம். ஆனால் தற்செயலை ரசிக்கத் தெரியாதவன் தியரி போட லாயக்கில்லாதவன்.

ஒரு முரண்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். தானம் கொடுத்தது ராஜேந்திரனின் 6-ஆம் ஆட்சியாண்டில், 1018 வாக்கில். ஆனால் வடமொழிப் பகுதி கங்கைப் படையெடுப்பையும் கடாரத்தையும் பாடுகிறது. கடாரம் வென்றது 1025-ஐ ஒட்டி! அப்படியானால் வம்சாவளிப் பாட்டு பின்னால் எழுதிச் சேர்த்தது. பேரரசு உச்சியில் நின்றபோது, பெரியப்பன் செத்து அரை நூற்றாண்டு ஆனபின், குடும்பத்தின் கதையை ஒருமுறை ஆற அமர உட்கார்ந்து எழுத ஒரு கவியை அமர்த்தியிருக்கிறார்கள். ‘சொர்க்கத்தைப் பார்க்கும் ஆசை’ அப்போது பிறந்த சொற்றொடர். நாராயண கவிக்கு உண்மை தெரியாமல் இருந்திருக்குமா? உடையார்குடியில் கல்லில் வெட்டி ஊரே படித்ததாயிற்றே! கல்லில் இருந்த ‘கொன்று’ என்ற சொல் செம்புக்கு வரும்போது எங்கே போயிற்று? எனக்கு ஆதித்தனைக் கொன்றவன் யார் என்பதைவிட இந்தச் சொல்லை எடுத்தவன் யார் என்பதுதான் சுவாரசியமான கேஸ்.

ஊருக்குள் போனால் இன்னொரு போட்டியும் காத்திருக்கிறது. சிவனும் காளியும் ஆடிய நடனப் போட்டி. சிவன் காலைத் தலைக்கு மேலே செங்குத்தாகத் தூக்கியபோது காளி தோற்றுப் போனாள் என்பது ஐதீகம். ஊர்த்துவ தாண்டவம். ஐந்து சபைகளில் இது ரத்தின சபை. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்து அந்த ஆட்டத்தின் காலடியில் உட்கார்ந்து பாடிய இடம். அவள் தலையால் நடந்த மண்ணைக் காலால் மிதிக்கலாமா என்று பெரியவர்கள் தயங்கி நின்றதாகச் சொல்வார்கள். அந்த ஆட்டத்திலும் ஜெயித்தவர் பக்கத்துக் கதைதான் நமக்குக் கிடைத்திருக்கிறது என்று நான் சொன்னபோது எதிர் சீட்டுப் பாட்டி முறைத்தாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

மணவூர் தாண்டியாயிற்று. பையன் போனை எப்போது உறையில் போட்டான் என்று நான் கவனிக்கவில்லை.

“மாமா, அந்த உடையார்குடி நிலம் இருக்குல்ல, வித்தாங்களே. அது கரெக்டா யாரோடது?”

“ரேவதாச கிரமவித்தன், அவன் மகன், அப்புறம் அவன் அம்மா. அம்மா பேர்கூட வெட்டியிருக்கு. பெரிய நங்கைச்சாணி.”

“அந்தம்மா என்ன பண்ணாங்க?”

“அவங்களா? அவங்க ஒண்ணும் பண்ணதாச் சொல்லல. அம்மா, அவ்வளவுதான்.”

“ஆறு வீட்டையும் வித்துட்டாங்கன்னா அவங்க எங்க போனாங்க மாமா?”

கொலைகாரன் யார் என்பதற்கு என்னிடம் நாலு தியரி இருந்தது. வண்டி திருவாலங்காட்டில் நின்றது. நாங்கள் இறங்கினோம்.